ஊமத்தை கொடுத்து வல்லாரையைச் சோதிப்பது

நெற்குப்பைப் பக்கம் தரிசில் தானாக முளைத்துக் கிடக்கிறதே ஊமத்தை, அதில் ஸ்கோபோலமின் என்ற நஞ்சு இருக்கிறது. நினைவாற்றலைப் பற்றி ஆய்வேடு எழுதும் எம்.பார்ம். மாணவர்கள் பலரும் அதைத்தான் கையில் எடுக்கிறார்கள். எலிக்கு ஸ்கோபோலமின் ஊசி போட்டு மறதியை உண்டாக்கி, வல்லாரைச் சாறோ நீர்ப்பிரமிச் சாறோ கொடுத்தால் அது நீங்குகிறதா என்று பார்ப்பது வழக்கம். பரீட்சை நேரத்தில் பேரப்பிள்ளைக்கு வல்லாரைத் துவையல் அரைத்துக் கொடுக்கும் அப்பத்தாமார் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் நம்பிக்கைக்கு அறிவியல் சான்றாகக் காட்டப்படுவதும் இந்த எலிகள்தாம்.

இந்த முறையை அடியோடு ஒதுக்கிவிட முடியாது. ஸ்கோபோலமின், மூளையில் அசிடைல்கோலின் என்ற நரம்புக் கடத்தியின் வேலையைத் தடுக்கிறது. 1974இல் டிராக்மன், லெவிட் என்ற ஆய்வாளர்கள் இளைஞர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தபோது, அவர்கள் நினைவு முதியவர்களுடையதைப் போலத் தடுமாறியது. அசிடைல்கோலின் சிதையாமல் காக்கும் டோனெபசில், அல்சைமர் நோய்க்கு 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோயை அது குணமாக்கவில்லை. அறிகுறிகளை ஓரளவு தணிக்கிறது. அதுவே பெரிய காரியம்.

ஆனால் எலி எப்படிச் சோதிக்கப்படுகிறது என்று பாருங்கள். பெட்டியில் வெளிச்ச அறை ஒன்று, இருட்டறை ஒன்று. இருட்டை விரும்பி உள்ளே போகும் எலியின் பாதத்தில் மின்னதிர்ச்சி படும். மறுநாள் அதே வெளிச்ச அறையில் விடுவார்கள். இருட்டுக்குள் போக எவ்வளவு தயங்குகிறதோ, அவ்வளவு நினைவு இருப்பதாகக் கணக்கு. சாறு எலியை மந்தமாக்கியிருந்தால்? நகராமல் உட்கார்ந்திருக்கும் எலிக்கும் நல்ல மதிப்பெண் விழும். எலி நீந்தி வழி கண்டுபிடிக்க வேண்டிய நீர்த்தொட்டிச் சோதனையில் வேறொரு சிக்கல். ஸ்கோபோலமின் கண்பாவையை விரியச் செய்யும். சுற்றியுள்ள அடையாளங்கள் மங்கலாகத் தெரிந்து எலி வழிதவறினால், அதுவும் மறதிக் கணக்கில் ஏறிவிடும்.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஊமத்தை நஞ்சுக்கு மருத்துவர்கள் கொடுக்கும் ஃபைசோஸ்டிக்மினும் அசிடைல்கோலினைக் கூட்டித்தான் வேலை செய்கிறது. ஒரு மூலிகைச் சாறும் அதையே செய்தால், ஸ்கோபோலமின் மறதி குறைவதில் வியப்பென்ன? அந்தச் சாறு நஞ்சுமுறிவு என்பதுதான் அங்கே நிரூபணமாகிறது. நஞ்சு ஏறாத பிள்ளையின் மூளைக்கு அது என்ன செய்யும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அந்தக் கேள்வியை நேராகக் கேட்டவர்களும் நம் நாட்டில் உண்டு. லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தின் சிங்கும் தவானும் 1982இல் வெளியிட்ட ஆய்வில், நீர்ப்பிரமிச் சாறு கொடுத்த எலிகள் விரைவாகக் கற்றன. 2001இல் ஆஸ்திரேலியாவில் நலமான மனிதர்களுக்கு 12 வாரம் தினமும் 300 மில்லிகிராம் நீர்ப்பிரமிச் சாறு கொடுத்தபோது, சில சோதனைகளில் முன்னேற்றம் தெரிந்தது. சில சோதனைகளில் மட்டும்தான் என்றாலும், கேள்வி சரியான கேள்வி.

மந்தம், மங்கல் பார்வை போன்ற குழப்பங்களைத் தவிர்க்கவும் வழி உண்டு. பயிற்சி முடிந்த பிறகு மருந்தை ஏற்றும் வழியை 1960களிலேயே ஜேம்ஸ் மெக்காவ் என்ற நினைவாற்றல் ஆய்வாளர் கையாண்டார். கற்கும் நேரத்தில் எலியின் கண்ணும் காலும் வலியுணர்வும் மருந்தில்லாமல் இயல்பாக இருக்கும். மறுநாள் தெரியும் மாற்றத்தை நினைவின் மேல் ஏற்றிச் சொல்வதற்கு அப்போது நியாயம் உண்டு. எலியை எந்தச் சோதனைக்குப் பயன்படுத்தவும் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். பல ஆய்வுகளில் கடைசியில் அதைக் கொன்று மூளையை எடுக்கிறார்கள். ஓட்டமும் பார்வையும் தனியே அளக்கப்படுமா என்று கேட்காமல் எந்தக் குழுவும் அந்த அனுமதியில் கையெழுத்திடக் கூடாது.