அண்ணன் தரும் அனுமதி

சென்ற மாதம் தேனாம்பேட்டையில் ஒரு நண்பரின் அறையில் ‘முள்ளும் மலரும்’ (1978) படத்தை மறுபடியும் பார்த்தோம். நாலு பேர். முடிந்ததும் மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த மூவரில் நானும் ஒருவன். அதனாலேயே இதை எழுத வேண்டியிருக்கிறது.

மகேந்திரன் டைரக்ட் செய்த இந்த முதல் படத்தைப் பற்றி நம்மவர்கள் வழக்கமாகச் சொல்வது, வசனம் குறைந்தது, காமிரா பேசியது என்பதுதான். தவறில்லை. பாலு மகேந்திராவின் காமிரா மலையைக் காலண்டர் படமாக்கவில்லை. ஆனால் இந்தப் பாராட்டு உத்தியோடு நின்றுவிடுகிறது. காமிரா என்ன பேசியது என்று யாரும் கேட்பதில்லை.

தாய் தகப்பன் இல்லாத இரண்டு குழந்தைகள் தெருவில் வித்தை காட்டிப் பிழைக்கிறார்கள். ‘பாசமல’ரிலும் (1961) அனாதை அண்ணன் தங்கைதான். அங்கே பாசம் ஒரு பூஜைப் பொருள். இருவரும் செத்து அதைக் காப்பாற்றுகிறார்கள். மகேந்திரன் அதே பாசத்தை ஒரு மனிதனின் குணக்கோளாறாகவும் பார்க்கத் துணிந்தார். தமிழ்ச் சினிமாவில் இது சாதாரணக் காரியமல்ல.

வளர்ந்த காளி (ரஜினிகாந்த்) மலைமேல் மின் நிலையத்தில் விஞ்ச் ஆபரேட்டர். மேலே போவதும் கீழே வருவதும் அவன் கைப்பிடியில் இருக்கிறது. உலகத்தில் அவனுடையது என்று இரண்டே இரண்டு: விஞ்ச், தங்கை வள்ளி. இரண்டையும் ஒரே மாதிரிதான் வைத்திருக்கிறான். குடிபோதையில் லாரியில் அடிபட்டு ஒரு கை போகிறது. வேலையும் போகிறது. வேலையைப் பறித்த எஞ்சினியர் குமரனே வள்ளியையும் கேட்கிறான். காளியின் மறுப்பு வெறும் முரட்டுத்தனமல்ல. தோற்றவனின் நியாயம் அதில் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்துக்காக வள்ளியை ஒரு கடைக்காரனுக்குக் கொடுக்கத் தயாராகிறான். அவள் மனசு என்ன என்று கவலைப்படுகிறவள் அவன் மனைவி மங்கா ஒருத்திதான்.

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். குமரனை மணக்கப் புறப்பட்ட வள்ளி, வழியில் அண்ணனைக் கண்டு எல்லாரையும் விட்டு அவனிடம் திரும்பிவிடுகிறாள். காளி பூரித்துப்போகிறான். பிறகு அவனே அவளைக் குமரனிடம் ஒப்படைக்கிறான், அவனை இப்போதும் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே. பகை தீர்ந்ததாகப் பாவனை செய்யாத அந்த நேர்மை எனக்குப் பிடிக்கிறது. ஆனால் நடந்தது என்ன? வள்ளி தன் ஆசையைக் கைவிட்ட பிறகுதான் அது அவளுக்குக் கிடைக்கிறது. உரிமை தானமாகிவிட்டது. விஞ்ச் போனாலும் கைப்பிடி அவனிடமே இருக்கிறது.

ரித்விக் கடக்கின் ‘சுவர்ணரேகா’வில் (1965) பிரிவினையில் வீடிழந்த ஈஸ்வர் தங்கை சீதாவை வளர்க்கிறான். ஜாதி குறுக்கே வரவும் அவள் காதலை மறுக்கிறான். அவள் ஓடிப்போகிறாள். வருஷங்கள் கழித்துக் கல்கத்தாவில், குடிவெறியில் பெண்ணைத் தேடி ஈஸ்வர் நுழைகிற வீடு சீதாவின் வீடு. அண்ணனைக் கண்டதும் அவள் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். தன் அன்பு என்ன செய்தது என்பதை ஈஸ்வர் கண்ணால் பார்க்க நேர்கிறது. காளிக்கு அந்தத் தண்டனை இல்லை. கைதட்டல் கிடைக்கிறது.

வள்ளி செத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. திரும்பாமல் போயிருக்கலாம். படம் முழுக்க ஷோபாவின் முகத்தில் பிரியமும் பயமும் பிரிக்கமுடியாமல் கலந்திருக்கின்றன. திரைக்கதை கேட்கத் தயங்கிய கேள்வியை அந்த முகம் கேட்டுவிடுகிறது. 1980இல் அவர் இறந்தபோது இருபது வயதுகூட ஆகவில்லை.

“பின்னே நீ ஏன்யா அழுதே?” என்று அழாத நண்பர் கேட்டார்.

எனக்கும் ஒரு தங்கை உண்டு. அவள் தேர்ந்தெடுத்தவனுக்கு நான் சம்மதம் சொன்னபோது வீட்டில் எல்லோரும் என்னைத்தான் பாராட்டினார்கள். நானும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு என்னுடையது என்று எதைக் கொடுத்தேன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.