விழுந்துகொண்டிருக்கும் கோபுரம்

பழைய புஸ்தகக் கட்டு ஒன்றிலிருந்து நண்பர் எடுத்துக் கொடுத்த தபால் கார்டு இது. வெனிஸ், ஸான் மார்க்கோ சதுக்கம். மணிக்கோபுரம் நடுவில் உடைந்து, உச்சிக் கூம்பு ஒருபக்கம் சரிய, கீழே புழுதி மேகம். 1902 ஜூலை 14 என்று அச்சாகியிருக்கிறது. பின்பக்கம் முகவரிக்கு மட்டும் என்றிருந்த காலம் அது. அனுப்பியவர் படத்தின் ஓரத்து வெள்ளையிலேயே ஒரு வரி எழுதியிருக்கிறார். 'சலூத்தி' என்ற சொல் மட்டும் எனக்குப் புரிகிறது. வணக்கங்கள். இடிந்து விழும் கோபுரத்துக்கு அடியில் வணக்கங்கள்.

படம் பொய். கோபுரம் அன்று காலை விழுந்தது நிஜம். விழும் கணத்தைப் பிடித்ததாக விற்கப்பட்ட இந்தப் படம், நின்றுகொண்டிருந்த கோபுரத்தின் புகைப்படத்தை வெட்டி ஒட்டி, திருத்தித் தயாரித்தது. இது தெரிந்ததும் நண்பருக்குக் கார்டில் சுவாரஸ்யம் போய்விட்டது. போலி, அவ்வளவுதான் என்றார். எனக்கு அவ்வளவுதான் என்று தோன்றவில்லை.

உண்மையான புகைப்படங்கள் இருக்கின்றன. அவற்றில் கோபுரமே இல்லை. செங்கல் குவியல், அதன் பின்னால் காயப்படாமல் தேவாலயம். சில நாட்களாகவே சுவரில் விரிசல் தெரிந்து, சதுக்கத்தைக் காலி செய்திருந்ததால் மனித உயிர் ஒன்றும் போகவில்லை. காவல்காரரின் பூனை செத்தது என்கிறார்கள். காலடியில் இருந்த, ஸான்ஸொவினோ கட்டிய சிறு மண்டபம் நொறுங்கிப்போயிற்று. இந்தப் படத்தின்முன் பார்ப்பவன் சும்மா இருக்க முடியாது. குவியலிலிருந்து கோபுரத்தை அவனே எழுப்பி, அவனே விழவைத்தாக வேண்டும். போலிக் கார்டு அந்த வேலையை அவனிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. பார்க்க ஆசைப்பட்டதைப் பார்க்கக் கொடுத்துவிட்டுக் காசு வாங்கிக்கொள்கிறது.

ஆசையைக் குறை சொல்லவில்லை. கேமரா போகாத இடத்துக்குப் போகிற ஆசைதானே கதை எழுதுகிறவனுக்கும். குறை வேறு இடத்தில். செங்கல் குவியலின் உருவத்தைக் கவனித்தால், கோபுரம் மரம்போலச் சாயவில்லை, பெரும்பாலும் தன் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டது என்பது தெரியும். சாய்ந்திருந்தால் தேவாலயம் தப்பியிருக்காது. கார்டைத் தயாரித்தவன் இதை யோசிக்கவில்லை. கோபுரம் என்றால் சாய வேண்டும் என்ற, நாடக மேடையில் கற்ற வீழ்ச்சியை வரைந்துவிட்டான். கற்பனை செய்தது குற்றமில்லை. போதிய அளவு கற்பனை செய்யவில்லை என்பதே என் புகார். நம்மில் யதார்த்தவாதிகள் என்று சொல்லிக்கொள்கிற சிலருக்கும் இதே புகாரை அனுப்பலாம்.

அன்று மாலையே நகரசபை கூடி, இருந்த இடத்தில் இருந்தபடியே கட்டுவது என்று முடிவு செய்தது. 1912 ஏப்ரல் 25, புனித மார்க்கின் திருநாளில், புதுக் கோபுரம் திறக்கப்பட்டது. அஸ்திவாரம் அகலமாக்கப்பட்டது, வெளித்தோற்றம் அதேதான். கார்டு வியாபாரிக்கு நல்ல காலம்: பழைய ஸ்டாக்கை மறுபடி விற்கலாம். 1609இல் கலிலியோ தன் தூரதர்சினியை வெனிஸின் பிரமுகர்களுக்குக் காட்டியது இந்தக் கோபுரத்திலிருந்துதான் என்று வழிகாட்டிகள் சொல்கிறார்கள். 'இந்த' என்ற சொல் அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது? அவர் நின்ற கோபுரத்தின் இடிபாடுகளைப் படகுகளில் ஏற்றிக்கொண்டுபோய்க் கடலில் கொட்டினார்கள்.

இப்போது நண்பரிடம் நான் கேட்பது: எது போலி? கையிலிருக்கும் கார்டு, எவ்வளவு மட்டமாக என்றாலும், கோபுரம் விழுந்ததை ஒப்புக்கொள்கிறது. செங்கல்லில் நிற்கும் கோபுரமோ ஒன்றுமே நடக்கவில்லை என்கிறது. அதைவிட இதை என் மேஜைமேல் வைத்துக்கொள்வேன்.

இதற்கு நண்பர் ஒரு பதில் வைத்திருந்தார், அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. கோபுரத்தின் ஐந்து மணிகளில் பெரியதான மரங்கோனா மட்டும் இடிபாடுகளுக்குள்ளிருந்து உடையாமல் கிடைத்தது. மற்ற நான்கையும் புதிதாக வார்த்தார்கள். செலவைப் போப் பத்தாம் பயஸ் ஏற்றார். அந்தப் பழைய மணியைப் புதுக் கோபுரத்தில்தான் தொங்கவிட்டார்கள். அது ஒலிக்கும்போது கீழே நிற்கிறவனிடம் போய் உங்கள் வாதத்தைச் சொல்லுங்கள் என்றார்.