கூடுதலாக ஒரு பட்டை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் ஓடும் லோடு வண்டிகளின் பின்சக்கரத்தருகே குனிந்து பார்த்தால், துருவேறிய பழைய ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவே கறுப்புப் பெயின்ட் மங்காத புதுப்பட்டை ஒன்று செருகியிருப்பது பலவற்றில் தெரியும். இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது.

காரணம் மண்ணிலேயே இருக்கிறது. கரிசல் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் போட்ட தார்ரோடு சில வருடங்களில் மேடும் பள்ளமுமாகிவிடுகிறது. ஏற்றும் பாரமும் லேசானதல்ல. 2005இல் டாடா ஏஸ் வந்தபோது அது சுமக்கக்கூடிய அளவு 750 கிலோ. அந்தக் குட்டி யானையில் 1000 லிட்டர் டேங்க் வைத்துக் குடிதண்ணீர் ஏற்றினால், தண்ணீர் மட்டுமே ஒரு டன். பட்டை நிமிர்ந்து போய், பின்பக்கம் அமுங்கி, முகப்பு விளக்கு ரோட்டை விட்டு மரக்கிளையைக் காட்டும். பள்ளத்தில் இறங்கினால் ஆக்சில் மேலே போய் இடிக்கும். கூடுதல் பட்டை இவற்றைக் குறைக்கிறது என்பது உண்மை.

ஆனால் பட்டை மட்டும்தான் பலப்படுகிறது. ஆக்சில், பேரிங், டயர், பிரேக், சேஸ் எல்லாம் பழையபடியே இருக்கின்றன. முன்பு பட்டை வாங்கிக்கொண்ட அடி இப்போது சேஸுக்குப் போகிறது. ஒரே கனமுள்ள நான்கு பட்டையோடு ஐந்தாவதைச் சேர்த்தால் விறைப்பு கால் பங்கு கூடும். கனம் இரட்டிப்பான பட்டையோ தனியாகவே எட்டு மடங்கு விறைப்பு காட்டும். பழைய இரும்புக் கடைப் பட்டையை காஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சி வளைத்துப் போடுவது இன்னும் மோசம். எஃகின் பதம் போய்விடும்.

தண்ணீர் வண்டி போகும்போது பாரம், திரும்பும்போது காலி. காலி வண்டியில் விறைத்த பட்டை மடங்காது. சக்கரம் துள்ளும், பிரேக் பிடித்தால் வழுக்கும். சில பிக்கப் வண்டிகளில் ஆக்சிலுக்கும் சேஸுக்கும் உள்ள இடைவெளியை வைத்துப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உண்டு. பட்டை கூட்டியதும் வண்டி அமுங்காது. பாரம் இல்லையென்றே வால்வு எடுத்துக்கொண்டு, முழு லோடில் பின்பிரேக்கைக் குறைத்துவிடும். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். பட்டறையில் இதைக் கேட்பவரும் குறைவு, சொல்பவரும் குறைவு.

சட்டமும் துணைக்கு வராது. எத்தனை பட்டை போட்டாலும் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை மாறாது. 2019 திருத்தத்தின்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000.

பட்டையைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தேய்ந்த புஷ், ஷேக்கிள், செத்துப்போன ஷாக் அப்சார்பர் இவற்றை மாற்றினாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். அதற்கும் மேல் வேண்டுமென்றால், பாரம் ஏறிய பிறகு மட்டும் தாங்கும்படி மேலே தனியாக வைக்கும் ஹெல்பர் பட்டை நல்லது. காலி வண்டியில் அது சும்மா இருக்கும். அதுவும் ஆர்.சி. அனுமதித்த பாரத்துக்குள்தான்.

பெரிய டேங்க்கை முக்கால் நிரப்பி ஓட்டலாமே என்பார்கள். அரைகுறையாக நிரம்பிய தண்ணீர் வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டியையே இழுக்கும். உள்ளே தடுப்பு வைத்த 700 லிட்டருக்கும் குறைந்த டேங்க்தான் குட்டி யானைக்குச் சரி. நடைக்கு 300 லிட்டருக்கும் மேல் குறைவது மாதத் தவணை கட்டுபவருக்குச் சின்ன இழப்பல்ல. ஆனாலும் பட்டறைக்குப் போவதற்கு முன் அவர் பேச வேண்டியது டேங்க் செய்பவரிடம்.