வாங்கிப்போட்ட மனையும் வாழப்போகும் வீடும்

கள்ளக்குறிச்சி போன்ற ஊரில் சொந்த வீட்டுக் கனவு மனையில்தான் தொடங்குகிறது. 1,200 சதுரடி, அதாவது ஏறத்தாழ இரண்டே முக்கால் சென்ட், தவணையில் வாங்கிப்போட வேண்டும். மகள் கல்யாணமோ மகன் படிப்போ நெருக்கினால் விற்க வேண்டும். நெருக்காவிட்டால் கட்ட வேண்டும். நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றின் திட்டம் இதுதான். குடும்பக் கணக்கில் இந்தத் திட்டம் பெரும்பாலும் தேறிவிடுகிறது, ஊர்க் கணக்கில் தோற்றுப்போகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் மனை வியாபாரத்தைப் புகழ்வதிலோ திட்டுவதிலோ பயனில்லை.

முதலில் நிறைகளைப் பார்ப்போம். மாதாமாதம் கட்டும் தவணை, கையில் நிற்காத பணத்தை நிற்க வைக்கிறது. சீட்டுப் பிடித்தவர் ஓடிப்போனால் பணம் போயிற்று, நிலம் ஓடாது. மனைவி பெயரில் பத்திரம் போடுவதால் அவள் கையிலும் ஒரு சொத்து வருகிறது. 2025 ஏப்ரல் முதல், 10 லட்ச ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைவு. சின்ன ஊர் மனைகளுக்கே பெரிதும் பொருந்தும் சலுகை இது. எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி, வருமானம் வரும் வேகத்தில் கட்டலாம் என்பது. இந்த வருடம் கடைக்கால், அடுத்த வருடம் லிண்டல் மட்டம், பிறகு தளம் என்று வீடு வளரும். சம்பளச் சீட்டு இல்லாத குடும்பத்துக்கு வங்கிக் கடனைவிட இது தோதான வழி.

குறைகள் விலையிலிருந்து தொடங்குகின்றன. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி மாநிலத்தின் 34ஆவது மாவட்டமானது. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலை ஏற்கெனவே இருக்கிறது. புரோக்கரின் பேச்சுக்கு இவை போதும். ஆனால் ஆட்சியர் அலுவலகத்துக்குத் தேர்ந்தெடுத்த வீரசோழபுரம் இடம் கோயில் நிலம் என்பதால் விவகாரம் நீதிமன்றம் ஏறியது. சின்னசேலம்–கள்ளக்குறிச்சி ரயில் பாதை சுமார் 16 கிலோமீட்டர்தான். அதற்காக ஊர் காத்திருந்த ஆண்டுகள் பல. மனை விலை அறிவிப்பு வந்த அன்றே ஏறிவிடுகிறது, வாழ்வதற்கான வசதியோ கட்டடம் எழுந்த பிறகுதான் வருகிறது. இடைப்பட்ட வருடங்களுக்கான விலையை வாங்குபவர் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்.

கைமாற்றி லாபம் பார்க்கலாம் என்பதும் அரைக் கணக்கே. பெண்களுக்கான சலுகை இல்லையென்றால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 விழுக்காடு அரசுக்குப் போகிறது. வழிகாட்டி மதிப்பு 8 லட்சம் என்றால் 72,000 ரூபாய். புரோக்கர் கமிஷன் தனி. இந்த அளவுக்கு விலை ஏறினால்தான் முதலே திரும்பும்.

ஊருக்கு விளையும் கேடு இன்னும் பெரிது. ஊரையொட்டிய நிலம் விலை அதிகம் என்று மனை போடுபவர் சில கிலோமீட்டர் தள்ளி வயலைப் பிடிக்கிறார். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆலைகளுக்குக் கரும்பு கொடுக்கக்கூடிய மண்ணில் எல்லைக்கல் ஊன்றப்படுகிறது. மனைகள் விரைவில் விற்றுவிடும், வீடுகளோ பத்து வருடத்தில் ஒன்றிரண்டாக முளைக்கும். அந்த ஒன்றிரண்டு வீட்டுக்காக மின்கம்பமும் குடிநீர்க் குழாயும் தெருவிளக்கும் அவ்வளவு தூரம் போக வேண்டும். வீட்டுக்கொரு போர், வீட்டுக்கொரு செப்டிக் டேங்க். தாழ்ந்த வயலாக இருந்த இடத்தில் ஐப்பசி மழைத் தண்ணீர் தன் பழைய இடத்தில் நிற்கிறது. காலி மனைகளில் சீமைக்கருவேலம் வளர்கிறது. மாவட்டத் தலைநகருக்கு மாற்றலாகி வந்தவர்கள் வாடகை வீடு தேடி அலையும்போது, ஊரைச் சுற்றிலும் மனைகள் பூட்டிவைத்த பணமாகக் கிடக்கின்றன.

சட்டம் இதைத் தொட்டிருக்கிறது, முழுதாகத் தொடவில்லை. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்றவற்றை வரன்முறைப்படுத்த 2017 மே மாதம் விதிகள் வந்தன. அதன்பின் டிடிசிபி (நகர ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல், ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) எண் என்று கேட்கும் பழக்கம் பரவியது நல்ல மாற்றம். ஆனால் கட்டணம் கட்டி வரன்முறையானது தாள்தான். குறுகலாக விட்ட தெரு அகலமாகவில்லை, விடாத பூங்கா முளைக்கவில்லை. 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவில் சாலை நீங்கலாக 10 விழுக்காட்டைப் பொதுவிடமாக விட வேண்டும் என்பது விதி. அந்த இடம் உள்ளாட்சி பெயருக்குத் தானப்பத்திரமாகியிருக்கிறதா என்று கேட்டு வாங்குபவர் எத்தனை பேர்?

மேற்கே கல்வராயன் மலையில் நிலைமை தலைகீழ். 1976 வரை ஜாகீர்தார்கள் ஆண்ட மலை அது; மலையாளிப் பழங்குடியினர் பலருக்கு உழும் நிலத்துக்கே பட்டா இல்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தரும் உரிமை வாரிசுக்குப் போகும், விலைக்குப் போகாது. மலையில் மலிவாகக் கிடைக்கிறது என்று அத்தகைய நிலத்துக்கு எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் செல்லாது. விற்க முடியாத நிலத்தை வைத்துக் கடன் வாங்குவதும் கடினம். அது அந்தக் குடும்பத்துக்குக் குறைதான். ஆனாலும் நிலம் உழுகிறவர் கையிலேயே இருக்கிறது. கீழே சமவெளியில் நிலம் கைமாறிக்கொண்டே இருக்கிறது, குடியிருக்க ஆள் வருவதில்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. சிங்கப்பூரில் அரசு கட்டித்தரும் அடுக்கக வீட்டை வாங்கியவர் பொதுவாக ஐந்து ஆண்டுகளாவது குடியிருந்த பிறகே விற்க முடியும். அந்த விதியை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அரசு கட்டிய வீடும் தனியார் மனையும் ஒன்றல்ல. ஆனால் அதன் உட்கருத்தை எடுக்கலாம். நகராட்சிகளில் காலிமனை வரி ஏற்கெனவே இருக்கிறது. ஆண்டுகள் கூடக்கூட அது கூடவும், வீடு எழுந்ததும் சலுகை கிடைக்கவும் செய்தால், ஊருக்குள் கிடக்கும் காலி மனைகள் முதலில் நிரம்பும்.

வாங்குபவரும் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, உட்பிரிவுப் பட்டா ஆகியவற்றோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: இன்றைக்கே குடியேறினால் இந்த இடத்தில் தண்ணீர், வடிகால், பேருந்து கிடைக்குமா? கிடைக்காது என்றால் அவர் வாங்குவது வெறும் பந்தயம். சேமிப்பு மட்டும்தான் நோக்கம் என்றால் அஞ்சலகத்தில் போடலாம். அங்கே யாருடைய வயலும் அழியாது.