பத்து இராகங்களும் ஒரு மின்தாளமும்

இசைத்தட்டுகளுக்கும் ஊழ் உண்டு போலும். வெளிவந்த நாளிலேயே வீடுதோறும் ஒலித்துத் தேய்ந்துபோவன சில. எவர் செவியையும் எட்டாமல் கடையின் அடித்தட்டில் தூசி படிந்து, ஒரு தலைமுறை கழிந்தபின் கண்விழிப்பன சில. இரண்டாம் வகையைச் சேர்ந்த ஓர் இசைத்தட்டினை ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொள்கிறோம். நாம் குடிபெயர்ந்து வந்து வாழ்ந்த நகரத்திலேயே, நம் காலத்திலேயே உருவான தட்டு அது. ஆயினும் நம்முள் அதனைக் கேட்டவர் மிகச் சிலரே.

சரண்ஜித் சிங் அன்றைய பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த கலைஞர். ஆர்.டி. பர்மனின் குழுவிலும் இடம்பெற்றவர். பெயர் அட்டையில் வராத, ஆனால் பாட்டுக்குப் பாட்டு விரல் பதித்துச்சென்ற எண்ணற்ற வாத்தியக்காரருள் ஒருவர். இந்தித் திரையுலகம் டிஸ்கோ மயமாகியிருந்த 1982ஆம் ஆண்டில், அந்தத் தாளத்தையே எடுத்துக்கொண்டு, தபலாவை ஒதுக்கிவிட்டு, பத்து இந்துஸ்தானி இராகங்களை மின்னிசைக் கருவிகளில் வாசித்து அவர் வெளியிட்ட தட்டு, 'சிந்தசைஸிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. எச்.எம்.வி. முத்திரையோடு வந்தும் அது விலைபோகவில்லை. திரைப்பாட்டை நாடியவருக்கு அதில் பாட்டு இல்லை. சாத்திரிய இசையை நாடியவருக்குத் தலைப்பே போதுமானதாயிருந்தது, கையை இழுத்துக்கொள்ள.

அவர் கையாண்ட கருவிகள் மூன்றும் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தன. இராகத்தை வாசிக்க ஜூபிடர்-8, தாளத்துக்கு டி.ஆர்-808, கீழ்த்தாயிக்கு டி.பி-303. இம்மூன்றாவது, துணைக்குக் கீழ்த்தாயிச் சுரம் வாசிக்க ஆள் கிடைக்காத கிதார்க்காரருக்கென்று செய்யப்பட்டது. அப்பணிக்கு அது பொருந்தாமற்போகவே, 1984இல் அதன் உற்பத்தியே நின்றது. ஆனால் ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுக்கிச்செல்லும் வசதி அதில் இருந்தது. நம் இசையில் ஜாரு என்றும் வடக்கில் மீண்டு என்றும் வழங்குவதன் ஏழை உறவினன் எனலாம் அதனை. சரண்ஜித் சிங்கின் செவி அதைப் பற்றிக்கொண்டது.

இனி இசைக்கு வருவோம். தட்டின் முதல் இராகம் பைரவி. கச்சேரியை நிறைவு செய்ய வேண்டிய இராகத்தை வாயிலிலேயே நிறுத்துகிறார்! அடுத்து லலித், விடியலுக்குரியது. அதற்கு அடியில் ஒலிப்பதோ நள்ளிரவு நடனக்கூடத்தின் தாளம். காலமுறையை இவர் அறியாதவர் அல்லர், பொருட்படுத்தவில்லை. அதனை நாம் பெரும் குற்றமாகக் கொள்ளவில்லை. பிற்பகலில் தோடி பாடும் வித்துவான்களைக் கேட்டு வளர்ந்த செவிகள்தாமே நம்முடையவை.

நம் வாசகர்க்கு ஒரு குறிப்பு. வடக்கின் தோடி நம் தோடி அன்று. அது நம் சுபபந்துவராளியின் சுரங்களைக் கொண்டது. நம் தோடியின் சுரங்கள் அவர்களுடைய பைரவிக்குரியன. பூபாளியில் மோகனத்தையும், மால்கௌன்ஸில் இந்தோளத்தையும், கலாவதியில் வலஜியையும், பைராகியில் ரேவதியையும் நம் வீட்டுப் பெண்மணிகள் உடனே இனங்கண்டுகொள்வர். ஐந்தே சுரங்கள் உடைய இந்நான்கும் இத்தட்டில் சிறப்பாகவே தேறிவிடுகின்றன. கலாவதி அனைத்தினும் மேல். சுரங்களுக்கிடையே வெளி மிகுந்திருப்பதால் இயந்திரத்தின் விரைவு அவற்றைச் சிதைப்பதில்லை. லலித்திலோ இரு மத்தியமங்களும் அடுத்தடுத்து நின்று, பஞ்சமம் இல்லாத வெறுமையில், கண்ணாடிச் சில்லுபோல் மின்னுகின்றன. தோடியின் நிலைமை வேறு. அதன் ரிஷபமும் காந்தாரமும் வழக்கினும் தாழ்ந்து அசைந்து நிற்க வேண்டியவை. பன்னிரண்டு சமக் கூறுகளாய் அறுத்து வைத்த கட்டைகளில் அந்த அசைவு ஏது? சுரங்கள் உள்ளன, தோடி இல்லை.

எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே நீளம், ஒரே நடை என்பதும் குறைதான். ஐந்தாறு இராகங்களை ஒருசேரக் கேட்டால் தாளம் செவியில் ஆணியாய் இறங்குகிறது. ஆயினும் இத்தட்டின் உயிர் ஓரிடத்தில் இருக்கிறது. மேலை நாட்டு நடன இசைபோல இதில் அடிச்சுரக் கூட்டு மாறிக்கொண்டே செல்வதில்லை. ஆதார சட்ஜம் அசையாமல் நிற்க, அதன்மேல் இராகம் மட்டும் உலவுகிறது. தம்பூராவின் வேலையை ஓர் இயந்திரம் துடிப்போடு செய்கிறது. இந்த அமைதியே பிற்காலத்தாரை வியப்பில் ஆழ்த்தியது.

ஏனெனில், விலைபோகாத அதே டி.பி-303 கருவியை மலிவாக வாங்கிய சிகாகோ நகரத்து இளைஞர்கள், 1987இல் 'ஆசிட் டிராக்ஸ்' என்ற பெயரில் ஃபியூச்சர் குழுவாக ஒரு தட்டு வெளியிட்டனர். 'ஆசிட் ஹவுஸ்' என்னும் நடன இசை அதிலிருந்து கிளைத்தது. டில்லிக் கடையொன்றில் 2002இல் சரண்ஜித் சிங்கின் தட்டைக் கண்டெடுத்த டச்சு நாட்டவர் எடோ பௌமன், 2010இல் தம் பாம்பே கனெக்ஷன் நிறுவனத்தின் வழியே அதனை மறுபதிப்புச் செய்தார். உடனே, ஆசிட் ஹவுஸ் பிறந்தது பம்பாயில்தான் என்று முழங்கத் தொடங்கிவிட்டனர். இம்முழக்கத்தோடு நமக்கு உடன்பாடு இல்லை. சிகாகோவினர் இதைக் கேட்டிருந்தனர் என்பதற்குச் சான்று ஏதுமில்லை. ஒரே கருவியை இரு நிலத்தார் தத்தம் செவிக்கேற்ப வளைத்தனர்; ஒலிகள் ஒத்துப்போயின. மேலை நாட்டானுக்கு முன்னோடி என்ற பட்டம் சூட்டினால்தான் நம் கலைஞனுக்கு மதிப்பு என்று கருதுவது, முன்னர்க் காட்டிய புறக்கணிப்பின் மறுபக்கமே ஆகும். லலித்தைக் கையாண்ட விதத்துக்காக அவரைப் பாராட்டுவோர் எத்தனை பேர்?

நல்லவேளையாக, அவர் உயிரோடிருந்தபோதே மறுபதிப்பு வந்தது. முதுமையில் ஐரோப்பிய மேடைகளிலும் இவற்றை வாசித்துவிட்டு 2015இல் மறைந்தார். எல்லார்க்கும் அப்பேறு வாய்க்கவில்லை. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் டேவிட் டியூடர் நிறுவிய மூக் கருவியில் கீதா சாராபாய், அதுல் தேசாய் முதலியோர் செய்த சோதனைகள் ஒலிநாடாக்களாய் அங்கேயே கிடந்தன. பால் பர்காஸ் அவற்றைத் தேடி எடுக்க, 2023இல்தான் அவை தொகுதியாக வெளிவந்தன. அவற்றைத் தனியே ஆராய வேண்டும். கீதா சாராபாயோ 2011இலேயே மறைந்துவிட்டார்.

மாதுங்காவிலும் செம்பூரிலும், டில்லிக் கரோல்பாக்கிலும் நம்மவர் வீட்டு அலமாரிகளில் இன்னும் பழைய தட்டுகள் உறங்குகின்றன. வீடு மாற்றும்போது முதலில் காயலான் கடைக்குப் போவனவும் அவையே. எடைக்குப் போடுமுன் அட்டையில் உள்ள பெயர்களை ஒருமுறை படித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். சரண்ஜித் சிங்கின் தட்டை இப்போது எளிதில் கேட்கலாம். கலாவதியில் தொடங்கி லலித்துக்குச் செல்க. நடுவே சற்று நேரம் இடைவெளி விடுக. தோடியைக் கடைசிக்கு ஒத்திவைக்கலாம்.