கும்பகருணன் தெரிவும் அறிவின் எல்லையும்

மனிதனை விலங்கினின்றும் பிரித்துக் காட்டுவது பகுத்தறிவு என்பர். நன்மை இது, தீமை இது எனக் கண்டவன் தீமையை விடுத்து நன்மையையே மேற்கொள்வான் என்னும் நம்பிக்கை மிகப் பழையது. கிரேக்க நாட்டுச் சோக்கிரதர், தீயதெனத் தெளிந்தபின் அதனை விரும்புவார் ஒருவருமிலர். தவறெல்லாம் அறியாமையின் விளைவே என வாதித்தார். அவர் மாணவரின் மாணவராகிய அரிஸ்டோட்டில், நல்லதை அறிந்திருந்தும் அவாவினால் அதற்கு மாறாக நடப்பாரும் உளர் என்பதை ஏற்று, அதன் காரணத்தை ஆராய்ந்தார். டேவிட் ஹியூம் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞரோ 1739ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் இன்னும் ஒருபடி சென்று, அறிவு உணர்ச்சிகளின் ஏவலாளே என்றார். அறிவு செயலை ஆளுகின்றதா, அன்றிச் செயலின் பின்னின்று அதற்குக் காரணங் கற்பிக்கின்றதா? இவ்வினாவைத் தத்துவ நூலார் கருத்துக்களாக ஆராய்ந்தனர். கம்பனோ உயிருள்ள மாந்தராக நிறுத்திக் காட்டினான். அவர்களுள் தலையாயவன் கும்பகருணன்.

யுத்த காண்டத்து மந்திராலோசனையில் படைத்தலைவர் பலரும் வீரம் பேசி அமர்ந்தபின், கும்பகருணன் எழுகின்றான். பிறன்மனையாளைச் சிறைவைத்த செயல் குலத்துக்கு மாசு என்பதை அவன் மறைக்கவில்லை. மானத்தை நாவிலும் காமத்தை நெஞ்சிலும் வைத்திருக்கும் அரசைக் கடுமையாகவே இடிக்கின்றான். இத்துணையும் கேட்போர், சீதையை விடுக என்பதே அவன் முடிபாகும் என எதிர்பார்ப்பர். ஆனால் அவன் முடிபு வேறு. இப்பொழுது அவளை விடுதல் அஞ்சினமை காட்டும். ஆதலின் பகைவர் வலிமை பெருகுமுன் கடல்கடந்து சென்று தாக்குவதே தக்கது என்கின்றான். இவ்விடத்தில் கம்பன் காட்டும் உளநூல் நுட்பம் பெரிது. வழுவை உணர்ந்த அறிவு, அவ்வழுவைத் திருத்த முனையாது, அதனைக் காக்கும் வழியைத் தேடுகின்றது. பழிக்கு நாணும் மானம், நூல் கற்ற அறிவையும் தன் வழியே இழுத்துச் செல்கின்றது. இராவணன் அவ்வுரையைப் பாராட்டி ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை.

அதே அவையில் வீடணன் எழுந்து, இலங்கையை எரித்தது குரங்கன்று, சானகியின் கற்பே எனக் காட்டி, அவளை விடுமாறு வேண்டுகின்றான். அவன் காட்டிய காரணங்களை இராவணன் ஆராய்ந்து மறுக்கவில்லை. அவற்றைக் கூறியவனது நெஞ்சை ஐயுறுகின்றான். அச்சத்தினாற் கூறினாயோ, அம்மனிதர்பால் அன்பினாற் கூறினாயோ என வினவுகின்றான். பின்னர் அரசைக் கவரக் கருதினாய் என்றும் பழிக்கின்றான். இராவணன் அறிவிலி அல்லன். கலைகள் பல கற்றவன். அவன் கல்வி முழுவதும் காமத்தின் காவலாளாய் நிற்கின்றது. ஹியூம் கூறிய ஏவலாள் அறிவுக்கு இதனினும் பொருந்திய சான்று காண்டல் அரிது.

துயிலெழுப்பப்பட்டு மீண்டும் அவையை அடையும் கும்பகருணனிடத்தில் ஒரு மாற்றம் காணப்படுகின்றது. போர் மூண்டுவிட்டதா, சீதையின் துயர் இன்னும் தீரவில்லையா என்பதே அவன் முதல் வினா. இம்முறை மானத்தின் பெயரால் அவன் தன் அறிவை வளைக்கவில்லை. சீதையை விடுக, இராமனைப் பணிக, தம்பியுடன் கூடுக என வெளிப்படையாகவே கூறுகின்றான். உண்டு உறங்கச் செல் என இராவணன் இகழ்ந்தபின்னரே சூலத்தைக் கையிலெடுக்கின்றான். எடுத்தபோதும் வென்று மீள்வேன் என்று அவன் கூறவில்லை. விதி பின்னின்று உந்துகின்றது, தான் இறப்பது உறுதி, இறந்தபின்னாவது சீதையை விட்டுவிடுக என்றே விடைபெறுகின்றான்.

களத்தில் இராமன் இசைவுடன் வீடணன் வந்து அழைக்கும் இடமே இப்பகுதியின் உச்சம். உடலில் தோன்றிய கட்டியை அறுத்துச் சுட்டு மருந்திடுவார் போலத் தீய உறவையும் நீக்குதல் முறை என வீடணன் வாதிக்கின்றான். தனக்கு அளிக்கப்பட்ட அரசையும் தமையனுக்குத் தருவதாகக் கூறுகின்றான். வாதம் வலியது. அதனைப் பொய்யெனக் கும்பகருணன் மறுக்கவில்லை. அரசன் தீமை கருதினால் திருத்துதல் நன்று. திருத்த இயலாதாயின், அவன் சோறுண்டவர் அவனுக்கு முன் மாளுதலே கடன் என்பது அவன் விடை. தம்பியர் எவருமின்றித் தமையன் தனியே வீழ்ந்து கிடத்தலை அவன் நெஞ்சு பொறுக்கவில்லை.

உணர்ச்சி அறிவை வென்றமைக்கு இதனை எடுத்துக்காட்டாகக் கூறுவாருளர். அக்கூற்று முழுவதும் பொருந்துவதன்று. காமத்தால் மயங்கியவன் விளைவை மறைத்துத் தன்னை ஏமாற்றுவான். கும்பகருணனோ விளைவு முழுவதையும் அறிந்து கூறியபின்னரே செல்கின்றான். அன்றியும், தான் கொண்ட நெறி எல்லார்க்கும் உரியது என அவன் சாதிக்கவில்லை. வீடணன் இராமனைச் சேர்ந்தது சரியே என வாழ்த்தி அவனைத் திருப்பி அனுப்புகின்றான். தன் தெரிவைத் தனக்கு மட்டும் உரியதாக்கி, அதற்கு மாறான தெரிவின் நியாயத்தையும் ஒப்புக்கொள்ளும் உள்ளம் அறிவு மழுங்கிய உள்ளமாகாது.

ஆயினும் அவன் தெரிவைக் குற்றமற்றதெனக் கொள்ளுதலும் கூடாது. அவன் தோள்வலி அறத்துக்கு மாறான போரை நீட்டிக்கவே உதவியது. எய்யாவுரிமை ஏதுமற்ற வானரர் பலர் அவனால் மாண்டனர். செய்ந்நன்றி எத்துணை உயரியதாயினும், அந்நன்றிக்கு விலையாகப் பிறர் உயிரைக் கொடுக்க எவர்க்கும் உரிமையில்லை. மனத்தைச் சென்றவிடத்தாற் செல்லவிடாது தீமையினின்றும் நீக்கி நன்மையிற் செலுத்துவதே அறிவு எனக் கொள்ளும் வள்ளுவர் அளவுகோலால் அளந்தால், கும்பகருணன் பாதிவழியே சென்றவனாவான். தீமையை அவன் அறிவு கண்டது. அதனினின்றும் அவனை நீக்கவில்லை.

ஒரே தாய் வயிற்றிற் பிறந்து, ஒரே உண்மையைக் கண்ட இருவர் எதிரெதிர்ப் பாசறைகளில் நின்றமை அறிவின் எல்லையைக் காட்டுகின்றது. வழி இது என அறிவு காட்டும். அவ்வழியே நடக்கும் ஆற்றலை அன்பும் பழக்கமும் கடமையுணர்வுமே தருகின்றன. அவை அறிவோடு மாறுபட்டவிடத்து அறிவு தோற்பதுமுண்டு. எனினும் தோற்ற அறிவும் பயனற்றதன்று. இராவணன் அறிவு அவனைப் பொய்யிலே ஆழ்த்தியது. கும்பகருணன் அறிவு, மாளும்பொழுதும் தம்பியைக் காக்குமாறு இராமனிடம் வேண்டும் தெளிவை அவனுக்குத் தந்தது. ஒருவன் தன் அறிவின்வழி நடக்க இயலாதபோதும், அவ்வறிவைப் பொய்யாக்காதிருத்தல் இயலும் என்பதே கம்பன் இப்பாத்திரத்தால் உணர்த்தும் உண்மையாகும்.