கிளையடியில் ஒரு வளையம்

ஜூன் பிறந்தால் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை. வலியசாலை அக்ரஹாரத்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை. கொல்லை மாங்கிளை ஓட்டின்மேல் சாய்ந்திருந்தால், காற்று முறிப்பதற்குள் வெயில் நாளிலேயே கவாத்து செய்துவிடுவதுதான் புத்தி. அந்த வேலைக்குள் எத்தனை நுட்பம் என்று வியந்து தீரவில்லை எனக்கு.

கிளை பிரியும் இடத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். கவட்டின் மேல்புறம் பட்டை சுருங்கி, கரிய வரப்பாக எழுந்திருக்கும். கீழே கிளையின் அடி லேசாகப் பருத்து, மணிக்கட்டில் வளையல் ஏறினாற்போல் நிற்கும். அந்தப் பருமன் தண்டுக்குச் சொந்தமான சதை. கிளை போனாலும் அழுகல் உள்ளே இறங்காமல் தடுக்கும் காவல் அங்கேதான் இருக்கிறது. தண்டோடு வழித்து வெட்டினால் காவலும் சேர்ந்து போகும். நீளமாக விட்டாலோ மிஞ்சும் கட்டை பட்டுப்போய் அழுகலுக்கு வழிவிடும். வளையத்துக்குச் சற்றே வெளியே, அவ்வளவுதான் இடம்.

வெட்டு மூன்று. கனத்த கிளை பாதி அறுபட்டதுமே பாரத்தால் சாயும். சாய்கையில் அடிப்பட்டையைத் தண்டுவரை உரித்துவிடும். அதனால் முதலில் தண்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி, கீழிருந்து மேலாக, மூன்றில் ஒரு பங்கு ஆழம். பிறகு அதற்கும் சற்று வெளியே, மேலிருந்து முழுக்க. கிளை விழும், கிழிசல் கீழ்வெட்டுக்கு வந்ததும் நின்றுவிடும். எவ்வளவு அழகான முன்யோசனை! மூன்றாவது, மிச்சமிருக்கும் பாரமில்லாத கட்டைக்கு. கொல்லை குறுகலென்றால், கிளையை மேல்கவட்டில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டுதான் அறுக்கவேண்டும்.

அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக அறுத்துப் பார்த்தவர். மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுவரெழுப்பி அடைத்துவிடுகிறது என்று காட்டினார். தார் பூசுவதும் அழுகலைத் தடுக்கவில்லை. சரியான வெட்டைச் சுற்றி புதுத்திசு வட்டமாக, எல்லாப் பக்கமும் ஒரே கனத்தில் மூடி வரும். வழித்த வெட்டில் இருபுறம் மட்டும் தடித்து, மேலும் கீழும் வெறிச்சோடிக் கிடக்கும். நன்றாகக் கவாத்து செய்த மரத்தின் அந்த வட்டத்தைத் தடவிப் பார்ப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

மரமேற ஆள் வந்தால் அந்த வளையத்தைத் தொட்டுக் காட்டுங்கள். உச்சியை மொட்டையடிக்க விடாதீர்கள். கிளைக்குப் பக்கத்தில் மின்கம்பி ஓடினால், மின்வாரியத்தார் வந்து மின்சாரத்தை நிறுத்தும்வரை யாரையும் ஏற்றாதீர்கள்.